மெயில்லா, மெயில்லெ, மெயில்த்தா: பின்னிஷில் ஒருவர் வீட்டுக்குப் போய் வருவது

பின்னிஷ் மொழியில் ஒருவரை வீட்டுக்கு அழைக்க ‘வீடு’ என்ற சொல்லே தேவையில்லை. ‘துலெத்கொ மெயில்லெ?’ என்று கேட்டால் போதும். ‘துலெத்கொ’ என்றால் வருகிறாயா. ‘மெயில்லெ’ என்பது ‘நாங்கள்’ என்ற சொல்லோடு ஒரு வேற்றுமை உருபு ஒட்டியது. எங்கள் வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்டாயிற்று. வீடு எங்கே போயிற்று? ஆளுக்குள்ளேயே இருக்கிறது.

பின்லாந்தில் எஸ்போ நகரத்துக்குக் குடிவந்து பின்னிஷ் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி இதுதான். ஒருவர் வீட்டில் இருப்பது, ஒருவர் வீட்டுக்குப் போவது, ஒருவர் வீட்டிலிருந்து திரும்புவது. நம்மைப் போல் இங்கே வந்து வேலை பார்ப்பவர்களுக்கு அலுவலகத்தில் ஆங்கிலம் போதும். ஆனால் பக்கத்து வீடு, பிள்ளையின் சிநேகிதி வீடு, கோடைக்காலக் குடில் என்று மனிதர்களோடு பழகும் இடமெல்லாம் பின்னிஷில்தான் நடக்கிறது. அங்கே ஒரு நாளைக்குப் பத்து முறை காதில் விழுவது இந்த உருபுகள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இனி படிக்கப் போகிறவர்களுக்கு உதவும்.

பின்னிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எழுதியபடியே உச்சரிக்கும் மொழி என்பதால் பெரிய இடர் இல்லை. சொல்லின் முடிவில் ‘ஆ’ வந்தால் (‘மெயில்லா’ போல) ‘பேங்க்’ என்று சொல்லும்போது வாய் எப்படிப் போகிறதோ அப்படிச் சொல்லுங்கள். ‘அ’ வந்தால் நம் சாதாரண அ. அழுத்தம் எப்போதும் முதல் அசையில்.

வகுப்பில் முதலில் ஒரு வீட்டுப் படத்தைக் காட்டுவார்கள். ‘தலொ’ என்றால் வீட்டுக் கட்டடம். ‘தலொஸ்ஸ’ கட்டடத்துக்குள், ‘தலொஸ்த’ கட்டடத்திலிருந்து, ‘தலோன்’ கட்டடத்துக்குள் நுழைய. இது உள் வேற்றுமை மூன்று. அடுத்து அதன் கூரை. ‘கத்தொல்ல’ கூரைமேல், ‘கத்தொல்த்த’ கூரையிலிருந்து, ‘கத்தொல்லெ’ கூரைமேலே ஏற. இது வெளி வேற்றுமை மூன்று. பின்னிஷில் மொத்தம் 15 வேற்றுமைகள் என்று கேட்டதும் நம்மவர்கள் மிரண்டுவிடுவார்கள். இடத்துக்கு என்று அன்றாடம் புழங்குவது இந்த ஆறுதான். இருக்கிற நிலை, விலகுகிற நிலை, போய்ச் சேருகிற நிலை என்று மூன்று மூன்றாக அடுக்கி வைத்துக்கொண்டால் சுமை பாதியாகிவிடும்.

ஆள் என்று வந்தால் பெரும்பாலும் வெளி வேற்றுமைதான். யாரும் இன்னொருவருக்குள் போய் உட்கார முடியாதல்லவா. இதில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு, அதை எந்தப் பின்னிஷ் பாடநூலும் சொல்லித் தராது. நாமும் மனிதருக்குத் தனி உருபுதான் வைத்திருக்கிறோம். மரத்தில் என்போம், மாமாவில் என்று சொல்ல மாட்டோம். மாமாவிடம் என்போம். பெட்டியிலிருந்து எடுத்தேன், ஆனால் மாமாவிடமிருந்து வாங்கினேன். நன்னூல் ஏழாம் வேற்றுமைக்கு 28 உருபுகளைச் சொல்கிறது. ‘இல்’, ‘இடம்’, ‘உள்’, ‘புறம்’ எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பொருளுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று பிரித்துப் பேசிப் பழகியவர்களுக்குப் பின்னிஷின் உள், வெளிப் பிரிவு அந்நியமாகவே இருக்காது. ஆங்கிலம் வழியாக யோசிப்பதை விட்டுவிட்டு நேரே தமிழிலிருந்து பின்னிஷுக்குப் போங்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. தமிழில் ‘மாமாவிடம் போனேன்’ என்றால் மாமா என்ற மனிதரைப் பார்க்கப் போனேன். அவர் கடையில் இருந்திருக்கலாம், கோயிலில் இருந்திருக்கலாம். வீட்டைச் சொல்ல வேண்டுமென்றால் ‘மாமா வீட்டுக்கு’ என்று வீட்டைச் சேர்த்தாக வேண்டும். பின்னிஷில் அதே உருபு ஆளைத் தாண்டி அவர் வீடு வரை நீள்கிறது.

சரி, ‘மெயில்லா’வுக்கு வருவோம். ‘மெயில்லா’ எங்கள் வீட்டில், ‘மெயில்லெ’ எங்கள் வீட்டுக்கு, ‘மெயில்த்தா’ எங்கள் வீட்டிலிருந்து. ‘தெயில்லா, தெயில்லெ, தெயில்த்தா’ உங்கள் வீட்டில், உங்கள் வீட்டுக்கு, உங்கள் வீட்டிலிருந்து. இந்த ஆறு சொற்களை முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பாடநூல்கள் கட்டடத்துக்குள் நுழைவதையும் மேசைமேல் புத்தகம் வைப்பதையும் முன்னால் வைக்கின்றன. ஆனால் எங்கள் மகள் மழலையர் காப்பகத்தில் சேர்ந்து முதலில் கற்றுக்கொண்டு வந்தது மேசையும் புத்தகமும் இல்லை. ‘துவு மெயில்லெ!’ எங்க வீட்டுக்கு வா. மாலையில் கூட்டிவரப் போனால் வாசலில் நின்று குழந்தைகள் ஒருவருக்கொருவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது பேசுவது ‘மென்னான்கொ மெயில்லெ வய் தெயில்லெ?’ எங்க வீட்டுக்குப் போகலாமா, உங்க வீட்டுக்கா?

நம் ஊரிலும் ஒற்றைப் பிள்ளை ‘எங்க வீடு’ என்றுதான் சொல்லும், ‘என் வீடு’ என்று சொல்லாது. பின்னிஷும் அப்படியே. குடும்பமாக இருப்பவர்கள் பன்மையில் ‘மெயில்லா’ என்பார்கள். தனியாக வசிப்பவர் பெரும்பாலும் ‘முன் லுவொன’ என்பார், என் இடத்தில். அந்த ‘லுவொன’வைப் பிறகு பார்ப்போம். இன்னொன்று, நாம் விருந்தினரிடம் மரியாதைக்கு ‘நம்ம வீட்டுக்கு வாங்க’ என்று அவரையும் சேர்த்துக்கொள்வோம். பின்னிஷில் நாமும் நாங்களும் ஒரே சொல்தான். யாரைச் சேர்த்து, யாரை விட்டு என்பதைச் சூழலே சொல்லிவிடும்.

‘மெயில்லா’வில் இன்னொரு அழகு உண்டு. பின்னிஷில் ‘வைத்திருக்கிறேன்’ என்று சொல்ல வினைச்சொல் கிடையாது. ‘மினுல்ல ஒன்’, என்னிடம் இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும். ஆகவே ‘மெயில்லா ஒன் ஸவுன’ என்றால் எங்களிடம் சவுனா (நீராவிக் குளியலறை) இருக்கிறது என்றும் கொள்ளலாம், எங்கள் வீட்டில் சவுனா இருக்கிறது என்றும் கொள்ளலாம். இரண்டையும் பிரிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு வருவதில்லை. ‘எங்களுக்குக் கிணறு இருக்கு’ என்று சொன்னால் அது வீட்டுக் கொல்லையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா என்ன.

வீட்டு வழக்கங்களைச் சொல்வதற்கும் இதே சொல்தான் தொடக்கம். ‘மெயில்லா எய் ஸ்யுவொதா லிஹா’, எங்கள் வீட்டில் இறைச்சி சாப்பிடுவதில்லை. யார் சாப்பிடுவதில்லை என்று எழுவாய் எதுவும் வராது. ‘மெயில்லா’ என்று தொடங்கி, வினையைச் செயப்பாட்டு வடிவில் வைத்தால் அது அந்த வீட்டின் வழக்கம் ஆகிவிடுகிறது. சைவக் குடும்பம் பின்லாந்தில் சொல்லியே ஆக வேண்டிய வாக்கியம் இது. காப்பகத்தில், பிறந்தநாள் விருந்தில், அலுவலக விருந்தில் என்று எல்லா இடத்திலும் கைகொடுக்கும். ‘நான் சாப்பிட மாட்டேன்’ என்று சொல்வதைவிட இது மென்மையாக விழுகிறது. யாரும் மேலே கேள்வி கேட்பதில்லை. ஒரு வீட்டின் வழக்கம் என்றால் இங்கே அதற்கு மரியாதை உண்டு. செருப்பை வாசலில் கழற்றுவதை மட்டும் நாம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, இங்கேயும் வீட்டுக்குள் செருப்போடு போக மாட்டார்கள்.

அடுத்து பெயர் வரும்போது. லீஸா என்று ஒரு தோழி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘லீஸல்ல’ லீஸா வீட்டில், ‘லீஸல்லெ’ லீஸா வீட்டுக்கு, ‘லீஸல்த்த’ லீஸா வீட்டிலிருந்து. முழுக் குடும்பத்தையும் சொல்ல வேண்டுமென்றால் குடும்பப் பெயரைப் பன்மையாக்கி அதில் உருபை ஒட்டுவார்கள். விர்த்தனென் குடும்பத்தார் வீட்டில் என்பது ‘விர்த்தஸில்ல’.

இங்கேதான் கவனம் தேவை. ‘லீஸல்லெ’ என்பது லீஸா வீட்டுக்கு மட்டுமல்ல, லீஸாவுக்கு என்றும் பொருள். ‘லீஸல்த்த’ லீஸா வீட்டிலிருந்து, லீஸாவிடமிருந்து இரண்டும். ஒரு கேக்கை ‘லீஸல்லெ’ கொண்டுபோகிறேன் என்றால் லீஸாவுக்கா, லீஸா வீட்டுக்கா என்று வாக்கியம் மட்டும் சொல்லாது. சொல் வரிசையும் பொருளை மாற்றும். ‘லீஸல்ல ஒன் அவய்மெத்’ என்று ஆளை முன்னால் வைத்தால் லீஸாவிடம் சாவி இருக்கிறது, அவள்தான் வைத்திருக்கிறாள். ‘அவய்மெத் ஒவத் லீஸல்ல’ என்று சாவியை முன்னால் வைத்தால் சாவி எங்கே என்ற கேள்விக்கு அது பதில்: லீஸாவிடம், அல்லது லீஸா வீட்டில். அவள் கைப்பையோடு அலுவலகத்துக்குப் போயிருக்கிறதா, அவள் வீட்டு ஆணியில் தொங்குகிறதா? வீட்டுக்கு வெளியே பனியில் நிற்கும்போது இது சின்னக் கேள்வி இல்லை.

குழப்பம் வராமல் இருக்கத்தான் ‘லுவொன’. ‘லீஸன் லுவொன’ என்றால் லீஸா இருக்கும் இடத்தில், அவள் பக்கத்தில், பெரும்பாலும் அவள் வீட்டில். போக ‘லீஸன் லுவொ’ அல்லது ‘லீஸன் லுவொக்ஸெ’, வர ‘லீஸன் லுவொத்த’. பெயருக்கு ஆறாம் வேற்றுமை ‘ன்’ சேர்த்துப் பின்னால் இந்தச் சொல்லை வைத்தால் போதும். நன்னூல் பட்டியலில் ‘உழை’ என்று ஓர் உருபு இருக்கிறது, ஒருவர் பக்கத்தில் என்ற பொருளில் பழைய நூல்களில் வரும். ‘லுவொன’வை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அதுதான். பெற்றோரோடு வசிக்கிறேன் என்று சொல்ல, நோயாளியோடு யாராவது இருக்கிறார்களா என்று கேட்க, எங்கும் ‘லுவொன’ பொருந்தும். பேச்சில் ‘லீஸல்ல’ குறுக்கு வழி, ‘லீஸன் லுவொன’ கொஞ்சம் நிதானமான வழி. தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் ‘லுவொன’வைத்தான் பரிந்துரைப்பேன். ஒரு காரணம் தெளிவு. இன்னொன்று, பின்னிஷ் பெயர்கள் உருபு ஏற்கும்போது உள்ளே மெய்யெழுத்து மெலியும், எந்தப் பெயர் எப்படி மாறும் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நினைவில் வைக்கத் தேவையில்லை. ஒரு ஆறாம் வேற்றுமை வடிவம் தெரிந்தால் மூன்று திசைக்கும் போய்வரலாம்.

இனி ‘கொத்தி’. இல்லம் என்ற பொருளில் வரும் சொல். கட்டடத்துக்குத் ‘தலொ’, வாழும் இல்லத்துக்குக் ‘கொத்தி’. இந்த ஒரு சொல் மட்டும் மேலே சொன்ன அடுக்கில் அடங்காது. வீட்டில் இருக்கிறேன் என்பதற்குக் ‘கொத்தொன’, வீட்டிலிருந்து என்பதற்குக் ‘கொத்தொவ’, வீட்டுக்கு என்பதற்கு மட்டும் ஒழுங்கான ‘கொத்தீன்’. முதல் இரண்டும் மொழியின் பழைய உருபுகள். ‘லுவொன, லுவொத்த’ என்பதிலும் அதே பழைய முடிவுகள்தான் இருக்கின்றன. வெளியே, தொலைவில், பின்னால் என்று அன்றாடம் அதிகம் புழங்கும் சொற்களில் பழைய இலக்கணம் அப்படியே தங்கிவிட்டது. அதிகம் கையாளும் சொல்தான் மாறாமல் நிற்கும். எந்த மொழியிலும் இதைப் பார்க்கலாம்.

அப்படியானால் ‘கொதிஸ்ஸ’ என்ற ஒழுங்கான வடிவம் இல்லையா? இருக்கிறது. முன்னால் ஒரு பெயரடை வந்தால் அதுதான் வர வேண்டும். புது இல்லத்தில் என்று சொல்ல ‘கொத்தொன’ வராது, ‘உவுதெஸ்ஸ கொதிஸ்ஸ’ என்றே சொல்ல வேண்டும். அதேபோல் கூட்டுச்சொற்களில். மகள் போகும் காப்பகம் ‘பாய்வாக்கொத்தி’, பகல் இல்லம். அவள் காப்பகத்தில் இருக்கிறாள் என்பது ‘பாய்வாக்கொதிஸ்ஸ’. காலையில் ‘பாய்வாக்கொத்தீன்’, மாலையில் ‘பாய்வாக்கொதிஸ்த’. முதியோர் இல்லமும் இப்படித்தான். ஆக ‘கொத்தொன’ என்பது ஒரு கட்டடத்தையோ நிறுவனத்தையோ குறிக்காமல் நாம் நாமாக இருக்கும் இடத்தை மட்டும் குறிக்கிறது. காலை எட்டு மணிக்குக் காப்பகத்திலிருந்து ‘பிள்ளை இன்று வீட்டில்தானா?’ என்று கேட்டுச் செய்தி வந்தால் அதில் இருப்பது ‘கொத்தொன’. அவளைக் காப்பகத்தில் விட்டுவிட்டேன் என்ற பதிலில் வேறு வடிவம். ஒரே நாளில் இரண்டையும் எழுதிப் பழகிவிடுவீர்கள்.

இந்த வேரிலிருந்து கிளைத்த இரண்டு சொற்கள் குடியேறியவர்களை விடாமல் துரத்தும். ஒன்று ‘கொத்தொய்ஸின்’, எந்த ஊர்க்காரர் என்பதற்கு. ‘நான் இந்தியாவைச் சேர்ந்தவள்’ என்பது ‘ஒலென் கொத்தொய்ஸின் இந்த்தியஸ்த’. மற்றது ‘கொத்தொவுத்துமினென்’. புதிதாக வந்தவர்கள் இந்த நாட்டு வாழ்க்கையோடு இணைவதற்கு அரசு சூட்டிய பெயர். 1999-இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. மொழி வகுப்புகள் கிடைப்பதற்கு அடிப்படை அதுவும், பின்னர் அதன் இடத்தில் வந்த சட்டங்களும்தான். அரசாங்கக் கடிதத்தில் வரும் நீளமான அந்தச் சொல்லுக்குள் இல்லம் இருக்கிறது.

வினைச்சொற்கள்தான் இந்தப் பாடத்தின் கடினமான பகுதி, நேரம் ஒதுக்க வேண்டியதும் இங்கேதான். போவது, வருவது, கிளம்புவது எல்லாம் நாம் எதிர்பார்த்தபடி நடக்கும். நம் எதிர்பார்ப்பை மீறுகிற வினைகள் சில உண்டு.

‘காய்தா’ என்றால் போய்வருவது. தமிழில் ‘லீஸா வீட்டுக்குப் போய்வந்தேன்’ என்று நான்காம் வேற்றுமை போடுவோம். பின்னிஷில் ‘காவின் லீஸல்ல’, லீஸா வீட்டில் போய்வந்தேன். திசை இல்லை, இருப்புதான். அங்கே போய், கொஞ்ச நேரம் இருந்து, திரும்பிய மொத்தத்தையும் ஒரே வினையில் அடக்கிவிட்டதால் இடம் மட்டும்தான் மீதி.

‘யாதா’ என்றால் தங்கிவிடுவது. இதற்கு நேர் எதிர். ‘யான் கொத்தீன்’, சொல்லுக்குச் சொல் எடுத்தால் வீட்டுக்குத் தங்குகிறேன். இரவு லீஸா வீட்டில் தங்குகிறேன் என்பது ‘யான் லீஸல்லெ யுவொக்ஸி’. எங்கும் நகராமல் இருப்பதற்கு ஏன் போய்ச்சேரும் உருபு? ஆசிரியை தந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது: கிளம்பியிருக்கலாம், கிளம்பவில்லை, அந்த முடிவு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் வீடு. வைத்துவிட்டு வருவதும் மறந்துவிட்டு வருவதும் இதே கணக்கு. ‘உனொஹ்தின் அவய்மெத் கொத்தீன்’, சாவியை வீட்டுக்கு மறந்துவிட்டேன். சாவி கடைசியில் எங்கே கிடக்கிறதோ அந்த இடத்துக்குப் போய்ச்சேரும் உருபு.

கண்டுபிடிப்பது, தேடுவது, வாங்குவது எல்லாம் விலகும் உருபு கேட்கும். ‘லொய்ஸின் அவய்மெத் கொத்தொவ’, சாவியை வீட்டிலிருந்து கண்டெடுத்தேன். கடையிலிருந்து வாங்கினேன் என்று நாமும் சொல்வதால் பாதி புரிந்துவிடும். பொருளின் பக்கம் நின்று பார்த்தால் எல்லாம் சீராக இருக்கிறது. மறந்தால் பொருள் அங்கே போகிறது, கண்டெடுத்தால் அங்கிருந்து வருகிறது.

இதோடு சேர்த்து ஒன்று. இடத்துக்குள் இடம் வரும்போது தமிழில் பெரிய இடத்துக்கு ‘இல்’ போட்டுக் கடைசியில் மட்டும் ‘க்கு’ போடுவோம். ‘தம்பெரேயில் இருக்கும் லீஸா வீட்டுக்குப் போகிறேன்.’ பின்னிஷில் ஒவ்வொரு இடமும் அதே திசையை ஏற்றாக வேண்டும். ‘மெனென் லீஸல்லெ தம்பெரேல்லெ’, லீஸா வீட்டுக்கு, தம்பெரேக்கு. சாவியை லீஸா வீட்டில் சமையலறை மேசைமேல் மறந்தால் லீஸா வீட்டுக்கு, சமையலறை மேசைமேலுக்கு மறந்தாய் என்று இரண்டும் திசை ஏற்கும். அழைப்பிலும் அப்படியே. ‘துலெ மெயில்லெ கஹ்வில்லெ’, எங்கள் வீட்டுக்கு, காபிக்கு வா. ‘துலெ மெயில்லெ ஸவுனான்’, எங்கள் வீட்டுக்கு, சவுனாவுக்குள் வா. முதல் சொல் வெளி உருபு, இரண்டாவது உள் உருபு, ஆனால் இரண்டும் போய்ச்சேரும் திசை. இது பிடிபட்ட பிறகு எனக்கு வாக்கியங்கள் தாமாகவே வரத் தொடங்கின. ஒரே திசையில் வரிசையாக அடுக்கிக்கொண்டே போகலாம், நடுவில் ‘இருக்கிற’ என்று ஒட்டுப் போட வேண்டியதில்லை.

பாட்டி வீட்டுக்குப் பின்னிஷில் தனிச் சொல்லே உண்டு. ‘மும்மொ’ பாட்டி, ‘மும்மொல’ பாட்டி வீடு. அந்தக் கடைசி ‘ல’ இடத்தைக் குறிக்கும் விகுதி. இது உருபு அல்ல, அதன்மேல்தான் உருபு ஏறும். ‘மும்மொலஸ்ஸ’ பாட்டி வீட்டில், ‘மும்மொலான்’ பாட்டி வீட்டுக்கு, ‘மும்மொலஸ்த’ பாட்டி வீட்டிலிருந்து. ஆள் இடமாக மாறிவிட்டதால் வெளி வேற்றுமை போய் உள் வேற்றுமை வந்துவிடுகிறது, கவனியுங்கள். எங்கள் மாடியில் இருக்கும் மூதாட்டி விடுமுறை வந்தால் பேரப் பிள்ளைகள் ‘மும்மொலான்’ வருகிறார்கள் என்று சொல்லும்போது, அவர் தன் வீட்டையே பிள்ளைகளின் பக்கம் நின்று பெயரிட்டுச் சொல்வது கேட்க இதமாக இருக்கும்.

இந்த ‘ல’ கண்ணில் பட்டுவிட்டால் பிறகு எங்கு பார்த்தாலும் அதுதான். காபிக் கடை ‘கஹ்வில’, உணவகம் ‘ரவின்த்தொல’. எஸ்போவில் 1950-களில் தோட்ட நகரமாகக் கட்டப்பட்ட தபியொல, காட்டுத் தெய்வம் தபியொவின் இருப்பிடம். பண்ணைகளுக்கு அந்தப் பண்ணைக்காரர் பெயரோடு ‘ல’ சேர்த்து வைத்த பெயர்கள் பின்னர் குடும்பப் பெயர்களாகவே நிலைத்தன. பின்லாந்தின் காவியம் கலெவலவின் பெயரும் கலெவ என்ற மூதாதையின் நாடு என்றுதான் பொருள்படும். மெட்ரோவில் போகும்போது நிலையப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் இலக்கணப் பாடம் பாதி நடந்துவிடும்.

விருந்தாளியாகப் போவதற்கு ‘க்யுலா’ என்ற சொல் வரும். அதற்கு முதற்பொருள் கிராமம். ‘துலெ க்யுலான்’ என்றால் கிராமத்துக்குள் வா, அதாவது எங்கள் வீட்டுக்கு விருந்தாட வா. ‘ஒலிம்மெ லீஸல்ல க்யுலாஸ்ஸா’, லீஸா வீட்டில் விருந்தாடிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் ஒருவர் வீட்டில் இரவு தங்கப் போனால் ‘யுவொக்யுலா’, இரவுக் கிராமம். ஆறு, ஏழு வயதில் இது தொடங்கும். யார் வீட்டுக்கு, எத்தனை மணிக்கு, காலையில் யார் கூட்டிவருவது என்று பெற்றோருக்குள் செய்திகள் பறக்கும். அந்தச் செய்திகளைத் தொகுத்து வைத்தாலே இந்தக் கட்டுரையில் இருக்கும் எல்லா உருபுகளும் கிடைத்துவிடும். இங்கே முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது அபூர்வம் என்பதால், இந்தச் சொற்களை வாயில் வைத்திருப்பது மொழிப் பயிற்சி மட்டுமில்லை, பழகும் வழியும்கூட.

புதுவீட்டுக்குக் குடிபோனதும் நண்பர்களை அழைத்து வைக்கும் விருந்து ‘துபான்துலியய்ஸெத்’. முதற்பாதி ‘துபான்’ கூடத்துக்குள் என்ற போய்ச்சேரும் வடிவம், அடுத்தது வருகை. நம் புதுமனை புகுவிழாவேதான். வருகிறவர்கள் ரொட்டியும் உப்பும் கொண்டுவருவது பழைய வழக்கம். பேச்சில் சுருக்கி ‘துபரித்’ என்பார்கள்.

கோடைக் குடில் ‘மொக்கி’யைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘மொக்கில்லா’ என்று வெளி வேற்றுமையில் சொன்னால் குடில், ஏரிக்கரை, சவுனா, படகுத்துறை எல்லாம் சேர்ந்த அந்த இடத்தில் இருக்கிறோம் என்று பொருள். ‘மொக்கிஸ்ஸா’ என்று உள் வேற்றுமையில் சொன்னால் அந்தச் சிறு வீட்டுக்குள் என்று மட்டும். ஜூலையில் அலுவலகத்தில் யாரைத் தேடினாலும் அவர் ‘மொக்கில்லா’.

தொழில் செய்வோரிடம் போவதில் விதி சீராக இல்லை. மருத்துவரிடம் போவது ‘லாக்காரீன்’, மருத்துவருக்குள். மருத்துவரிடம் போய்வந்தேன் என்றால் ‘காவின் லாக்காரிஸ்ஸா’. பல் மருத்துவரும் இப்படியே. பெண்கள் முடி வெட்டிக்கொள்ளப் போவது ‘கம்பாயல்லெ’, வெளி உருபு. ஆண்கள் முடிதிருத்தகம் ‘பர்த்துரீன்’, மறுபடி உள் உருபு. காரணம் தேடி நேரம் செலவிடாமல் சொல்லோடு சேர்த்துப் படித்துவிடுங்கள். ஆனால் மருத்துவரிடம் ஒன்றைச் சொல்கிறீர்கள், ஒரு தாளைக் கொடுக்கிறீர்கள் என்றால் அங்கே ‘லாக்காரில்லெ’ என்று ஒழுங்கான ஆள் உருபு வந்துவிடும். பார்க்கப் போவது ஒரு வடிவம், கொடுப்பது வேறு வடிவம்.

பேச்சு வழக்கையும் காது ஏற்க வேண்டும். ஹெல்சிங்கி வட்டாரத்தில் இளையவர்கள் வீட்டை ‘ஹிம’ என்பார்கள், சுவீடிஷிலிருந்து வந்த சொல். ‘ஹிமஸ்ஸ, ஹிமான், ஹிமஸ்த’ என்று முழுக்க ஒழுங்காக நடக்கும். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், எழுத்தில் வேண்டாம். ‘மினுன் லுவொன’ பேச்சில் ‘முன் லுவொன’ ஆகும். எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் தனித்தனியாக இருக்கும் மொழியில் பிறந்த நமக்கு இது புதிதே அல்ல.

பயிற்சிக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். இலக்கண அட்டவணை எழுதிப் படிப்பதை விட்டுவிட்டு, வீட்டில் உண்மையாகவே நடப்பவற்றை மூன்று மூன்றாகச் சொல்லிப் பழகினேன். மகளைக் காப்பகத்துக்குக் கொண்டுபோகிறேன், அவள் காப்பகத்தில் இருக்கிறாள், காப்பகத்திலிருந்து கூட்டிவருகிறேன். லீஸா வீட்டுக்குப் போகிறேன், லீஸா வீட்டில் இருக்கிறேன், லீஸா வீட்டிலிருந்து வருகிறேன். அப்புறம் அதே மூன்றையும் ‘போய்வந்தேன்’, ‘தங்கினேன்’, ‘மறந்துவிட்டேன்’ என்ற வினைகளில் போட்டுப் பார்ப்பது. சந்தேகம் வந்தால் கியெலிதொய்மிஸ்தொ அகராதி இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஒரு வினை எந்த உருபை ஏற்கும் என்று எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு அதில் பார்க்கலாம். குடியுரிமைக்காக யுகி மொழித் தேர்வில் மூன்றாம் நிலை எழுதுகிறவர்களுக்கு, நண்பருக்கு ஒரு சிறு செய்தி எழுதும் பகுதி வரும். வீட்டுக்கு அழைப்பது, வர முடியவில்லை என்று சொல்வது, ஒரு பொருளை அவர் வீட்டில் விட்டுவிட்டதைக் கேட்பது போன்றவற்றை முன்பே எழுதிப் பார்த்துவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டாரிடம் அதையே வாயால் சொல்லிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. அவர்கள் மெதுவாகப் பதில் சொல்வார்கள், அந்தப் பதிலில் சரியான வடிவம் இருக்கும்.